மௌனப்பட நாயகியைக் குரல்தான் வீழ்த்தியதா? சுலோச்சனா வழியாக ஓர் எளிய விளக்கம்

மௌனப்பட நடிகைகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கதை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "படம் பேச ஆரம்பித்தது, அவர் குரல் எடுபடவில்லை, அதோடு போயிற்று." இந்தியாவானாலும் அமெரிக்காவானாலும் இதே வரிதான்; பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். அந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், எதனால் புகழ் பெற்றார்கள், எந்த வருடம் எது மாறியது என்று யாரும் கேட்பதில்லை. வேலை என்னவென்று தெரியாமல் வேலை போன காரணம் எப்படித் தெரியும்?

ஆகவே பம்பாயின் மிகப் பெரிய மௌனப்பட நாயகி ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வேலையை அடியிலிருந்து பார்ப்போம்.

அவர் இயற்பெயர் ரூபி மயர்ஸ். 1907இல் புனேவில் பிறந்தவர், பாக்தாதி யூதக் குடும்பம். பம்பாயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை கோஹினூர் கம்பெனியின் இயக்குநர் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார். நடிப்பு மரியாதையான தொழிலாக இல்லாத காலம். முதலில் மறுத்தார், பிறகு சம்மதித்தார். 1925இல் திரைக்கு வந்து 'சுலோச்சனா' ஆனார். இரண்டு மூன்று வருடத்தில் இந்தியாவிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் நடிகை என்ற பெயர் வந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது

ரயில் கிளம்பப் போகிறது. மூடிய கண்ணாடி சன்னலுக்கு உள்ளே அம்மா, பிளாட்பாரத்தில் நீங்கள். அம்மா ஏதோ சொல்கிறார், காதில் விழவில்லை. ஆனாலும் "சாப்பிட்டுவிடு" என்பது புரிகிறது, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்பது புரிகிறது. கை, கண், தலையசைப்பு எல்லாம் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. அப்போது அம்மாவின் முகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பேசும். போலித்தனம் இல்லை, கண்ணாடி இருப்பதால் அப்படி.

மௌனப்பட நடிப்பு இதுதான். நடுவில் இருக்கும் கண்ணாடிக்குப் பெயர் திரை. நடிகை வாயசைத்துப் பேசத்தான் செய்வார், ஊமையாக நிற்பதில்லை. ஆனால் எந்த மொழியில் பேசினாலும் சரி. எதிரே நிற்பவர் குஜராத்தியில் பேச, இவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் படம் கெடாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் "திரும்பு, கடிதத்தைப் பார், மெதுவாக, இப்போது உட்கார்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். நாலு பக்க வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேண்டியது, சொன்ன நொடியில் முகத்தில் கொண்டுவரும் வேகம்.

நாடக மேடைப் பயிற்சி துளியும் இல்லாத ஒரு டெலிபோன் ஆபரேட்டர் ஒரே வருடத்தில் நட்சத்திரமாக முடிந்ததற்கு இது முதல் காரணம். மேடைக்கு வேண்டிய பாட்டு, குரல்வளம், உச்சரிப்பு மூன்றையும் இந்தக் கலை கேட்கவில்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1927இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'. அதில் சுலோச்சனாவுக்கு எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வாழைப்பழம் விற்பவர், பொன்னிறக் கூந்தல் கொண்ட ஐரோப்பியப் பெண் என்று போகிறது பட்டியல். வாயைத் திறந்தால் சத்தம் வரும் சினிமாவில், இருபது வயதுப் பெண் ஒருவர் போலீஸ்காரராகவும் தெருப்பையனாகவும் ஒரே படத்தில் வந்தால் இரண்டாவது வசனத்திலேயே வேடம் கலைந்துவிடும். மௌனம் இருந்ததால்தான் அது நடந்தது. மௌனத்தைக் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இந்த ஒரு படத்தை நினைத்தால் அது எவ்வளவு பெரிய சலுகை என்று தெரியும்.

டைட்டில் கார்டு: ஒரே படம், பல ஊர்

கை, கண்ணால் சொல்ல முடியாததைச் சொல்லக் காட்சிகளுக்கு இடையே எழுத்து வரும். அதற்கு டைட்டில் கார்டு என்று பெயர். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் எழுதி, அதையும் கேமராவில் பிடித்து, படச்சுருளில் வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டுவார்கள்.

இதில் இருக்கும் வியாபார சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். பம்பாயில் எடுத்த படத்துக்கு ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, உருது என்று கார்டு போடுவார்கள். அதே படம் மதராஸுக்கு வரும்போது தமிழும் தெலுங்கும். மாறுவது அட்டை மட்டும்; நடிகையின் முகம் அதேதான். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று கார்டை உரக்கப் படித்துச் சொல்வார், கதையும் விளக்குவார். இதனால் ஒரு நடிகையின் சந்தை லாகூரிலிருந்து தூத்துக்குடி வரை விரிந்திருந்தது. 'எல்லா மொழிக்கும் பொதுவான நட்சத்திரம்' என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அது 1927இல் ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே கிடைத்தது.

பிலிம் என்ன பார்த்தது

அடுத்தது ரசாயனம். 1920களின் பெரும்பகுதியில் ஓடியது ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம். நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை ஏறக்குறைய உணராத பிலிம் என்று பொருள். சிவப்பு அதன் கண்ணுக்கு இருட்டு. சிவப்புச் சாயம் பூசிய உதடு திரையில் கன்னங்கரேலென்று வரும். நீலக்கண் வெளுத்துப்போகும். கன்னத்துச் சிவப்பும் சருமத்தின் பழுப்பும் நேரில் தெரிவதைவிட ஒரு படி கறுத்து விழும். அதனால்தான் முகத்தில் அவ்வளவு கனமாகப் பவுடர் அப்பினார்கள், கண்ணைச் சுற்றி அவ்வளவு அழுத்தமாக மை தீட்டினார்கள். பழைய ஸ்டில்களைப் பார்த்து "என்ன மேக்கப் இது" என்று சிரிக்கும் முன், அது பிலிமின் பார்வைக்கோளாறுக்குப் போட்ட கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைத் தோல் மீதான மோகம் பிலிமால் பிறந்ததில்லை; சமூகத்தில் முன்பே இருந்தது. பிலிம் அதற்கு ஒரு தொழில்நுட்பச் சாக்கு கொடுத்தது.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. நடிக்கப் பெண்களே கிடைக்கவில்லை. 1913இல் தாதாசாகிப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண். அடுத்த படத்துக்கு துர்காபாய் காமத், அவர் மகள் கமலாபாய் என்ற இருவர் வந்தார்கள் என்றாலும், குடும்பப் பெண்கள் கேமரா முன் நிற்பது இழுக்கு என்ற எண்ணம் 1920களிலும் போகவில்லை. அந்த இடத்தில் வந்து நின்றவர்கள் ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்கள். கல்கத்தாவின் பேஷன்ஸ் கூப்பர், 'சீதா தேவி' ஆன ரெனீ ஸ்மித், 'சுலோச்சனா' ஆன ரூபி மயர்ஸ். வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதும் பொது இடத்தில் ஆண்களோடு சேர்ந்து நிற்பதும் இவர்களுக்குப் பழகியவை. பெயரை மட்டும் புராணத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். சுலோச்சனாவையும் ஆங்கிலோ இந்தியர் என்றே பலர் எழுதுகிறார்கள். அது பிழை.

சம்பளக்கார நட்சத்திரம்

நட்சத்திரம் என்றவுடன் படத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசும் இன்றைய முறை நினைவுக்கு வரும். அன்று ஸ்டூடியோ ஒரு மில் போல. நடிகை, இயக்குநர், கேமராமேன், தச்சர் எல்லோரும் மாதச் சம்பளம். ஒரு படம் முடிந்த மறுவாரம் அடுத்த படம். சுலோச்சனா கோஹினூரிலிருந்து அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்கு மாறினார். அவர் புகழின் உச்சம் அங்கேதான். கோஹினூரில் நடித்த 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்', இம்பீரியலில் நடித்த 'இந்திரா பி.ஏ.' என்ற தலைப்புகளைப் பாருங்கள். வேலைக்குப் போகும், படித்த, நகரத்துப் பெண். புராணப் படங்கள் நிறைந்த திரையில் அந்த முகம் புதிது. அவர் நிஜ வாழ்க்கையில் பார்த்த வேலையே படத்தின் தலைப்பானது.

சம்பளம் மாதம் 5000 ரூபாய் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் தொகை. "பம்பாய் கவர்னரைவிட அதிகம்" என்ற வாலும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். கணக்குப் போட்டால் அந்த வால் நிற்காது. மாதம் 5000 என்றால் ஆண்டுக்கு 60,000. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பம்பாய் கவர்னருக்கு அனுமதித்த ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சத்துக்கு மேல். கவர்னரோடு ஒப்பிட மக்களுக்குத் தோன்றியதே அவருடைய மதிப்புக்குச் சாட்சி. அதற்காகப் பொய்க் கணக்கைச் சுமக்க வேண்டியதில்லை.

மாதச் சம்பளத்துக்கு மறுபக்கமும் உண்டு. கம்பெனி விட்டுக் கம்பெனி போவது எளிதில்லை. நடிகர் மாஸ்டர் விட்டல் சாரதா ஸ்டூடியோவை விட்டு இம்பீரியலுக்கு வந்தபோது ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கு வந்தது. அவருக்காக வாதாடியவர் முகமது அலி ஜின்னா. ஸ்டூடியோ வளர்ந்தால் நட்சத்திரமும் வளரும், ஸ்டூடியோ சரிந்தால் நட்சத்திரமும் சரியும். இது பின்னால் வேண்டியிருக்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால், சுலோச்சனாவின் உயர்வுக்கு நான்கு கால்கள்: வசனம் கேட்காத நடிப்பு, எந்த ஊருக்கும் அட்டை மாற்றி அனுப்ப முடிந்த படம், பெண்கள் வரத் தயங்கிய துறையில் கிடைத்த வெற்றிடம், ஒரு பெரிய ஸ்டூடியோவின் மாதச் சம்பளம். முகமும் திறமையும் அவருடையவை. அவற்றைத் தாங்கி நின்றவை இவை.

ஒலி வந்த நாள்: முதலில் மாறியது வேகம்

14 மார்ச் 1931 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் 'ஆலம் ஆரா' வெளியானது. இந்தியாவின் முதல் பேசும்படம். எடுத்தது இம்பீரியல், சுலோச்சனா இருந்த அதே கம்பெனி. நாயகி அவரில்லை, சுபேதா. ஏன் என்று புரிய, ஒலி கேமராவுக்குள் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். பிரேம் என்பது ஓர் அசையாப் படம். அவை வேகமாக ஓடும்போதுதான் அசைவு தெரிகிறது. ஒரு ரீல் 1000 அடி, ஆக 16,000 பிரேம். மௌனப்படக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள், நொடிக்கு 16 பிரேம் வாக்கில். அப்படி எடுத்து அதே வேகத்தில் ஓட்டினால் ஒரு ரீல் 16 நிமிடம் 40 நொடி வரும். சுற்றுபவரின் கை சற்று முன்பின் போனாலும் கண் பொறுத்துக்கொள்ளும்.

காது பொறுக்காது. பழைய கிராமபோனில் சாவி தளர்ந்து இசைத்தட்டு இழுபட்டால் எப்படிக் கேட்கும்? பாடகரின் சுருதியே இறங்கி, ஏதோ நோயாளி முனகுவது போலாகிவிடும். ஒலியைப் பிலிமில் பதிப்பதானால் வேகம் கடுகளவும் மாறக்கூடாது. ஆகவே மோட்டார் வந்தது, நொடிக்கு 24 பிரேம் நிலையானது. அதே 1000 அடி ரீல் இப்போது 11 நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடும். அதே நீளக் கதைக்கு ஒன்றரை மடங்கு பிலிம். செலவு அங்கேயே ஏறியது.

அடுத்தது மைக்

'ஆலம் ஆரா'வை எடுத்த டானார் கருவி ஒற்றைப் பதிவு முறையில் இயங்கியது. படமும் ஒலியும் ஒரே கேமராவில், ஒரே நெகட்டிவில் அருகருகே பதிவாகும் முறை அது. கேட்க வசதியாகத் தோன்றும்; கஷ்டம் வெட்டி ஒட்டும்போது தெரியும். பிலிம் லென்ஸுக்குப் பின்னால் விட்டுவிட்டு நகர வேண்டும், ஒலி பதியும் இடத்தில் வழுக்கிச் சீராக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே புள்ளியில் செய்ய முடியாது. அதனால் ஒரு பிரேமுக்குரிய ஒலி, அந்தப் பிரேமின் பக்கத்தில் இருக்காது; சுமார் 20 பிரேம் தள்ளி, அதாவது ஓர் அடிக்கு மேல் விலகி இருக்கும். நீங்கள் படத்தைப் பார்த்து வெட்டினால், முக்கால் நொடிக்கும் மேல் தள்ளியிருக்கும் வேறொரு பேச்சு அறுந்துவிடும். ஆக, நடுவில் ஒரு சொல் தவறினால் அந்தச் சொல்லை மட்டும் நறுக்கி எறிய முடியாது. ஷாட் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்டூடியோ ரயில் பாதைக்கு அருகில். பகலில் வண்டிச் சத்தம் மைக்கில் விழுந்தது. அதனால் பெரும்பாலான காட்சிகளை நள்ளிரவு தாண்டி 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், ரயில் ஓடாத நேரத்தில் எடுத்தார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்திலேயே எங்காவது மறைத்துவைத்தார்கள். ஒலியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். மைக்கிலிருந்து இரண்டடியில் நின்றவர் நாலடிக்கு நகர்ந்தால் மைக்குக்குப் போய்ச் சேருவது கால்பங்குதான்.

இதை ஒரு காட்சியில் வைத்துப் பாருங்கள். 1928: நாயகி வாசலிலிருந்து ஓடிவருகிறாள், கடிதத்தைப் பறிக்கிறாள், சன்னலுக்குப் போய்ப் படிக்கிறாள், தூணில் சாய்கிறாள். இயக்குநர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டு வருகிறார். 1931: மைக் மேசைமேல் பூச்சாடிக்குள். ஆகவே அவள் ஓடக்கூடாது, மேசையருகே நிற்க வேண்டும். முகத்தைச் சன்னலுக்குத் திருப்பினால் பேச்சு மங்கும். கடிதத்தைக் கசக்கினால் தீப்பற்றிய ஓலை மாதிரி இரையும். கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று மோதினால் வசனம் புதையும். இயக்குநர் வாய் திறக்கவே முடியாது. இவ்வளவுக்கும் நடுவில், பழக்கமில்லாத மொழியில், ஒரு சொல் பிசகாமல் பேச வேண்டும். உடலால் பேசிப் பழகிய ஒருவரின் கையைக் கட்டிவிட்டு நாக்கால் பேசச் சொன்னது போல.

பாட்டும் மொழியும்

குரல் இனிமையா, கரகரப்பா என்பது இங்கே மிகச் சிறிய கேள்வி. பெரியவை இரண்டு.

ஒன்று மொழி. முதல் பேசும்படங்கள் பார்ஸி நாடக மேடையிலிருந்து கதையையும் வசன நடையையும் எடுத்துக்கொண்டன. அந்த உருது கலந்த இந்துஸ்தானி, வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகிய பெண்ணுக்குப் புதிது. இது பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 'ஆலம் ஆரா'வின் நாயகன் மாஸ்டர் விட்டல் மௌனப்படங்களின் பெரிய சண்டை நாயகன். அவருடைய உருது போதாததால், படத்தின் கணிசமான பகுதியில் அவர் பாத்திரத்தை மயக்க நிலையில் வைத்துப் பேச்சைக் குறைத்தார்கள்.

இரண்டு, பாட்டு. பின்னணி பாடுவது என்பது நம் சினிமாவில் 1935இல்தான், கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் தொடங்கியது. முன்பே பாடிப் பதிந்த ஒலிக்கு நடிப்பவர் வாயசைக்கும் முறை அது. 1931க்கும் 1935க்கும் நடுவில் நடிப்பவரே பாட வேண்டும், அதுவும் படம் ஓடும்போதே. ஆர்மோனியமும் தபலாவும் கேமராவில் படாமல் ஓரத்தில் ஒளிந்திருக்கும். 'ஆலம் ஆரா'வில் 7 பாட்டு. அடுத்த வருடம் வந்த 'இந்திர சபா'வில் சுமார் 70. அந்த நான்கு வருடங்கள்தான் பாடத் தெரியாத நாயகியின் கழுத்தை நெரித்தவை. பின்னணிப் பாட்டு நான்கு வருடம் முன்னதாக வந்திருந்தால் பல பெயர்கள் இன்னும் நீடித்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டில் இதே தர்க்கம் நேர்மாறாக வேலை செய்தது. 31 அக்டோபர் 1931இல் மதராஸில் வெளியான 'காளிதாஸ்' படத்தை எடுத்ததும் இதே இம்பீரியல்தான், எச்.எம். ரெட்டி இயக்கத்தில். நாயகி டி.பி. ராஜலட்சுமி. சில மௌனப்படங்களில் நடித்தவர் என்றாலும் அவர் பள்ளிக்கூடம் நாடகக் கம்பெனி. பாடுவார், வசனம் தடுமாறாது. மற்றவர்கள் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசிப் பாடினார். 1936இல் 'மிஸ் கமலா'வை அவரே இயக்கினார். மௌனம் மூடிய கதவை ஒலி திறந்துவிட்டது இவருக்கு.

சந்தைக்கு நேர்ந்ததும் இதுவே. டைட்டில் கார்டை மாற்றலாம், வாயை மாற்ற முடியாது. தமிழ்ப்படம் தமிழருக்கு, வங்காளிப்படம் வங்காளிக்கு என்று பிரிந்தவுடன், முழு நாட்டுக்கும் பொதுவாக இருந்த முகத்தின் சந்தை துண்டுதுண்டானது. அவர் குரல் தேன் போல இருந்திருந்தாலும் 1927இன் எல்லை திரும்பக் கிடைத்திருக்காது.

சுருங்கச் சொன்னால்: ஒலி வந்ததும் வேலையின் பெயர் அப்படியே இருந்தது, வேலை மாறிவிட்டது. அசைவு குறைந்தது, தவறாத வசனம், நேரடிப் பாட்டு, குறிப்பிட்ட ஒரு மொழி ஆகியவை தகுதியாயின.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை

சுலோச்சனா ஒரு வருடம் விலகி இந்துஸ்தானி கற்றார். 1932இல் 'மாதுரி' பேசும்படத்தோடு திரும்பினார், வெற்றியும் பெற்றார். தன் மௌனப்பட வெற்றிகளையே பேசவைத்து மறுபடி எடுத்தது அவருடைய வழி. 1928 'மாதுரி' 1932இல் பேசியது. 'இந்திரா பி.ஏ.' 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆனது. 1928 'அனார்கலி' 1935இல், 'வைல்ட்கேட்' 1936இல் 'பம்பாய் கி பில்லி'யாக. நாயகன் பெரும்பாலும் டி. பில்லிமோரியா. சொந்தமாக ரூபி பிக்ஸ் என்ற கம்பெனியும் தொடங்கினார்.

ஆக, ஒலி வந்து நாலைந்து வருடம் அவர் நாயகியாகவே இருந்தார். "குரல் போதாமல் ஒழிந்தார்" என்ற வரி இந்த ஒரு பட்டியலோடு விழுந்துவிடுகிறது.

பிறகு ஏன்? புதுக்கதை இல்லை என்பது முதல் குறை. பழைய வெற்றியை மறுபடி எடுப்பது ஒரு முறை பலிக்கும், ஒவ்வொரு முறையும் பலிக்காது. இடையில் பாட்டோடும் மேடைத் தமிழோ உருதோ வங்காளமோ சரளமாகவும் வந்த புதிய நாயகிகள் இடம்பிடித்துவிட்டார்கள். ஒப்பந்தமும் சம்பளமும் கொடுத்த இம்பீரியல் 1938இல் மூடியது. அப்போது அவருக்கு வயது 31. முப்பதைத் தாண்டிய பெண்ணை நாயகி வேடத்திலிருந்து இறக்கும் பழக்கம் ஒலிக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. ஒலியைக் குற்றம் சொல்லும்போது இந்தக் காரணம் மட்டும் வசதியாகத் தப்பித்துக்கொள்கிறது.

மூன்று 'அனார்கலி'களை வரிசையாக வைத்தால் போதும். 1928இல் அனார்கலி அவர். 1935இல் அனார்கலி அவர். 1953இல் வந்த 'அனார்கலி'யில் அந்த வேடம் பீனா ராய்க்கு; சுலோச்சனா சலீமின் தாய் ஜோதாபாய். இளவரசனைக் காதலித்தவர் இளவரசனுக்குத் தாயானார். நடுவில் 18 வருடம்.

மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று

எல்லா மௌனப்பட நாயகிகளும் விழுந்தார்கள் என்பதும் சரியில்லை. சுபேதா மௌனப்படத்திலேயே நட்சத்திரம். உருது தெரிந்ததால் முதல் பேசும்படமே அவருக்கு வந்தது. கோஹர் 1929இல் சந்துலால் ஷாவோடு சேர்ந்து ரஞ்சித் கம்பெனியைத் தொடங்கினார். ஒலிக் காலத்தில் அது பம்பாயின் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றானது. கம்பெனி கையில் இருந்தவருக்கு மாற்றம் சுமையாக வந்தாலும் வேலையைப் பறிக்கவில்லை. சீதா தேவிக்கு மொழி, கம்பெனி இந்த இரண்டும் இல்லை.

அமெரிக்காவிலும் இப்படியே. தீடா பாராவின் வாழ்வு 1919இல் ஃபாக்ஸ் கம்பெனி கைவிட்டதோடு சரிந்தது; ஒலி வர இன்னும் எட்டு வருடம் இருந்தது. ஒரே மாதிரி 'வசீகரி' வேடத்தை நாற்பது படம் வரை போட்டுத் தேய்த்ததுதான் காரணம். கிளாரா போவின் முதல் பேசும்படம் 1929இல் நன்றாகவே ஓடியது. அவரை முடக்கியவை அளவுக்கு மீறிய வேலை, 1931இல் முன்னாள் செயலாளர் மீதான வழக்கில் அவருடைய அந்தரங்கம் பத்திரிகைகளில் கடைவிரிக்கப்பட்டது, அதன்பின் உடைந்த மனநலம். மேரி பிக்ஃபோர்ட் தன் முதல் பேசும்படத்துக்கே ஆஸ்கர் வாங்கினார். அவரும் 1933க்குப் பிறகு நடிக்கவில்லை.

ஏன் இன்னும் தவறாகவே புரிந்துகொள்கிறோம்

பார்க்கப் படம் இல்லை. இந்தியாவில் எடுத்த மௌனப்படங்கள் 1300க்கும் மேல். மிஞ்சியவை மிகச் சில, அவற்றிலும் பல வெறும் துண்டுகள். அக்காலப் பிலிம் நைட்ரேட். எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். அதோடு பிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த சுருளைப் படமாக வைத்திருப்பதைவிட வெள்ளிக்காகக் கரைப்பது லாபமாக இருந்தது. 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' இல்லை. 'ஆலம் ஆரா'வே இல்லை. சுலோச்சனாவுக்கு 1973இல் தாதாசாகிப் பால்கே விருது கொடுத்தார்கள், 1983இல் மும்பையில் இறந்தார். அந்த எட்டு வேடங்களை இனி யாரும் பார்க்க முடியாது.

மிஞ்சிய துண்டுகளையும் தப்பாகவே பார்க்கிறோம். நொடிக்கு 16 பிரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகம். நடை ஓட்டமாகும், மெல்லத் திரும்பும் கண் வெடுக்கென்று வெட்டும், ஒரு பெருமூச்சு விக்கலாகும். அதைப் பார்த்துவிட்டு "மிகை நடிப்பு" என்கிறோம். எங்காவது ஒரு மௌனப்படத் துண்டு கையில் கிடைத்தால், ஓட்டும் வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துவிட்டு நாயகியின் கண்ணை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள்.